4,500 மணி நேரம்

விண்ணப்பத்தில் ஐந்து கட்டங்கள். ஐந்திலும் ஒரே படிப்பு: வானூர்திப் பொறியியல். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் கட்டத்துக்குக் கட்டம் மாறியிருந்தது. தாளை என் மேசையில் வைத்துவிட்டுக் கையெழுத்துக்காக அந்தப் பையன் காத்து நின்றான்.

"ஏன்ப்பா எல்லாத்துலயும் இதே?"

"ப்ளேன் ஓட்டணும் மிஸ்."

பேனாவை மூடி வைத்துவிட்டு அவனை உட்காரச் சொன்னேன்.

"இந்தப் படிப்புல ப்ளேன் ஓட்டக் கத்துத்தர மாட்டாங்கப்பா. இறக்கையைச் சுத்திக் காத்து எப்படி ஓடுது, உடற்கூடு எவ்வளவு பாரம் தாங்கும், இன்ஜின் எப்படி உந்துது, இதையெல்லாம் கணக்குப் போடக் கத்துத்தருவாங்க. ஓட்டறதுக்கு லைசென்ஸ் தனி. அதுக்குப் பயிற்சிப் பள்ளியும் தனி."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் சொன்னான்: "மூணு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன் மிஸ். யாருமே இதைச் சொல்லலையே."

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். அவனைச் சுற்றி அக்கறையில்லாதவர்கள் யாரும் இல்லை. அம்மா, அப்பா, மாமா, வகுப்பாசிரியர் எல்லோருமே அவன் கனவைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள், நல்லா வருவே என்று வாழ்த்தியவர்கள். ஆனால் அந்தப் படிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. நான் பத்து வருடம் இயற்பியல் ஆசிரியையாக இருந்துவிட்டு, பிறகு மேற்படிப்பு வழிகாட்டியாக மாறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. என் முன்னால் வந்து உட்கார்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பின் பெயரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். படிப்பைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் மிகக் குறைவு.

பெயருக்கும் படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட நான் ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பின்பற்றும் கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது மாணவர் 25 முதல் 30 மணி நேரம் செய்ய வேண்டிய வேலை. வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அதில் அடக்கம். மூன்று ஆண்டுப் பட்டம் என்றால் 180 கிரெடிட். பெருக்கிப் பாருங்கள்: 4,500 முதல் 5,400 மணி நேரம். நான்கு ஆண்டுப் பட்டத்துக்கு இன்னும் கூடும். மற்ற நாடுகளில் கணக்கிடும் முறை வேறாக இருந்தாலும் அளவு பெரிதாக மாறிவிடாது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிள்ளைகளிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த 4,500 மணி நேரமும் நீ எதைச் செய்துகொண்டிருக்கப் போகிறாய் என்று உனக்குத் தெரியுமா?"

அந்தப் பையனும் போட்டான். அவனுடைய கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

வழிகாட்டியான முதல் இரண்டு வருடங்களில் நான் மதிப்பெண்ணை மட்டுமே பார்த்தேன். ஒரு மாணவி வேதியியலில் பள்ளியிலேயே முதலிடம். எது படிக்கலாம் என்று கேட்டு வந்தாள். யோசிக்கவே தேவையில்லை என்று நினைத்தேன். "வேதியியல் எடும்மா, உனக்குக் கைவந்த பாடம்" என்று சொல்லிப் பரிந்துரைக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் ஆண்டு நடுவில் என்னைப் பார்க்க வந்தாள். முகம் ஒடுங்கிப் போயிருந்தது.

"மிஸ், லேப்ல நிக்கவே முடியல. எனக்கு மார்க் வந்தது மனப்பாடம் நல்லா வரும்ங்கறதாலதான். வேதியியல் பிடிச்சிருந்ததால இல்ல. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

நீங்க கேட்டிருந்தா. குறையாக அவள் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னாள். அவள் படிப்பை மாற்றிக்கொண்டாள், ஒரு வருடம் போனது. அந்த ஒரு வருடத்தில் என் பங்கும் உண்டு. அன்றிலிருந்து மதிப்பெண் பட்டியலைக் கடைசியாகத்தான் கையில் எடுக்கிறேன். ஒருவரால் எது முடியும் என்பதற்கு மதிப்பெண் ஓரளவு சாட்சி. மறுபடி மறுபடி அதையே செய்ய அவருக்கு மனம் வருமா என்பதற்கு அது சாட்சியே அல்ல.

இப்போது முதலில் கேட்பது வேறு. "பை நிறைய வீட்டுப்பாடம் இருக்கு. எதை முதல்ல எடுப்பே? எதைக் கடைசிக்குத் தள்ளுவே?" என்ன பிடிக்கும் என்று கேட்டால், கேட்பவர் எதிர்பார்க்கும் பதிலைப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். எதை முதலில் எடுப்பாய் என்று கேட்டால் உண்மை தானாக வெளியே வரும். அடுத்து, அந்தப் பாடத்தில் எந்தப் பகுதி என்று கேட்பேன். ஒரே உயிரியல் வகுப்பில் மூன்று பேர். ஒருத்திக்கு இதயத்தின் படத்தை வரைந்து பாகம் குறிப்பதுதான் ஆனந்தம். இன்னொருவனுக்குப் புரியாத தோழனை உட்கார வைத்து விளக்குவதில் ஆனந்தம். மூன்றாமவள், பாடப் புத்தகம் சொல்வது எப்படித் தெரிந்தது, யார் கண்டுபிடித்தார்கள் என்று துருவிக்கொண்டே இருப்பாள். மூவரையும் 'உயிரியல் பிடித்தவர்கள்' என்று ஒரே வரிசையில் நிறுத்தினால் மூவருக்குமே அநியாயம். முதலாமவள் காட்சி வடிவமைப்பையோ மருத்துவ விளக்கப்படத் துறையையோ பார்க்க வேண்டும். இரண்டாமவனுக்கு ஆசிரியப் பணியோ உடலியக்க மருத்துவமோ பொருந்தலாம். ஆராய்ச்சிக்கு வேண்டியவள் மூன்றாமவள்.

இன்னொரு பட்டியலும் எழுதச் சொல்வேன், 'வேண்டாம்' பட்டியல். எதையெல்லாம் எப்போது ஒதுக்கினாய், ஏன்? லிண்டா காட்ஃப்ரெட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகு காலம் முன்பே ஒதுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் 'இது ஆண்கள் வேலை, இது பெண்கள் வேலை' என்று ஒரு சுற்று. ஒன்பதிலிருந்து பதின்மூன்றுக்குள் 'இது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது, இது நமக்குக் கௌரவக் குறைவு' என்று இன்னொரு சுற்று. நம் முன்னால் வந்து உட்காரும்போது மிச்சமிருப்பது ஒரு கைப்பிடிதான். அந்தக் கைப்பிடிக்குள் எது பொருந்தும் என்று தேடுவதையே வழிகாட்டல் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டில் பழுதாகும் மின்விசிறி, மிக்சி எல்லாவற்றையும் கழற்றிச் சரிசெய்யும் பெண் ஒருத்தி வணிகவியல் படிக்கப் போவதாகச் சொன்னாள். 'வேண்டாம்' பட்டியலில் முதல் வரி: மின்பொறியியல். ஏன் என்றால், "அது பசங்க படிக்கறது மிஸ்." எப்போது முடிவு செய்தாய் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "தெரியல மிஸ், எப்பவுமே அப்படித்தான்" என்றாள். எட்டு வயதுக் குழந்தை எடுத்த முடிவைப் பதினேழு வயதுப் பெண் சுமந்துகொண்டிருந்தாள். அன்று நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, திறந்த கேள்வியாக வைத்துக்கொள் என்றேன். அவள் இப்போது மின்பொறியியலில் மூன்றாம் ஆண்டு.

ஒதுக்கியது போக மிஞ்சுவது எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதற்குப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2020-இல் வெளியிட்ட அறிக்கை சாட்சி. அந்த அமைப்பு பள்ளி மாணவர்களிடம் நடத்தும் பீசா என்ற ஆய்வின் 2018-ஆம் ஆண்டுச் சுற்றில், 41 நாடுகளைச் சேர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம், முப்பது வயதில் என்ன வேலையில் இருப்பாய் என்று கேட்டிருந்தார்கள். பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் சொன்னது வெறும் பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டது. மருத்துவர், ஆசிரியர், பொறியாளர், காவலர் என்று குழந்தைக்குக்கூடத் தெரிந்த பெயர்கள். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் என்ற இலவசத் தளத்தில் 900-க்கும் மேற்பட்ட தொழில்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அன்றாடம் செய்வது என்ன, எந்தத் திறன் வேண்டும், எந்தச் சூழலில் வேலை என்று எழுதியிருப்பார்கள். ஒரு மாலைப் பொழுதில் பிள்ளையோடு உட்கார்ந்து அதைப் புரட்டுங்கள். சம்பள விவரங்கள் அந்த நாட்டுக்கானவை, அதை விட்டுவிடலாம். வேலையின் விவரம் எங்கேயும் பொருந்தும்.

அந்தத் தளத்திலேயே 60 கேள்விகள் கொண்ட ஆர்வச் சோதனை ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படை ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இல் வெளியிட்ட கோட்பாடு. மனிதர்களையும் வேலைச் சூழல்களையும் ஆறு வகையாகப் பார்க்கலாம் என்றார் அவர்: கையால் செய்பவர், துருவி ஆராய்பவர், படைப்பவர், மனிதர்களோடு பழகி உதவுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்குபடுத்தி வைப்பவர். யாரும் ஒரே வகை அல்ல, இரண்டு மூன்று கலந்துதான் வரும். இந்தச் சோதனையை நான் விரும்பிப் பயன்படுத்துகிறேன். பேச்சைத் தொடங்க நல்ல வழி. "உனக்கு ஒழுங்குபடுத்தறது அதிகமா வந்திருக்கே, சரியா?" என்று கேட்டால், வாயே திறக்காத பிள்ளைகூட "இல்ல மிஸ், அது ஏன்னா..." என்று ஆரம்பிக்கும். அந்த 'ஏன்னா'வுக்காகத்தான் சோதனை. முடிவை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்வதற்கு அல்ல.

மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்து நான்கெழுத்துக் குறியீடு கொடுக்கும் சோதனை ஒன்று பரவலாக இருக்கிறதே, அதை வைத்துப் படிப்பு தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சில வாரங்கள் கழித்து மறுபடி எழுதினால் வேறு வகை வருபவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மாதத்துக்கு மாதம் மாறக்கூடிய குறியீட்டை நம்பி 4,500 மணி நேரத்தை ஒப்படைக்க முடியாது.

இந்தத் துறைக்கே தொடக்கம் என்று சொல்லப்படுபவர் ஃப்ராங்க் பார்சன்ஸ். 1908 ஜனவரியில் பாஸ்டன் நகரில் தொழில் வழிகாட்டலுக்கென்றே ஓர் அலுவலகம் திறந்தார். அதே வருடம் செப்டம்பரில் இறந்துவிட்டார். அவருடைய புத்தகம் அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. உன்னை அறி, வேலைகளை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் காட்டிய வழி. நூறு வருடங்களுக்கு மேலாகியும் நாம் முதல் படியிலேயே நின்றுவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும். தன்னை அறியச் சோதனைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டாம் படிக்குப் பிள்ளைகளின் கையைப் பிடித்து அழைத்துப் போக ஆளில்லை. என் நேரத்தில் முக்கால் பங்கு அந்த இரண்டாம் படியில்தான் செலவாகிறது.

அங்கே நாங்கள் செய்வது எளிய வேலை. பிடித்த படிப்பை நடத்தும் மூன்று பல்கலைக்கழகங்களின் இணையதளத்தைத் திறந்து, முதல் இரண்டு ஆண்டுகளின் கட்டாயப் பாடங்களைத் தாளில் எழுத வேண்டும். விருப்பப் பாடங்களைப் பார்க்கக் கூடாது. கவர்ச்சியான தலைப்புகளெல்லாம் அங்கேதான் இருக்கும், பெரும்பாலும் கடைசி ஆண்டில். எழுதி முடித்ததும், 'இது வேண்டாமே' என்று தோன்றும் பாடத்தை வட்டமிட வேண்டும். பிறகு அந்தப் பாடத்தின் முதல் வார வகுப்பைப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப் பொருள்களை இலவசமாக இணையத்தில் வைக்கப் போவதாக 2001-இல் அறிவித்தது. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்கள் அப்படிச் செய்துவிட்டன. எந்தப் படிப்பின் முதல் வாரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பிடித்த பாடத்தை ஏன் பார்க்கச் சொல்வதில்லை என்று கேட்பார்கள். பிடித்த பகுதி எல்லோருக்கும் பிடிக்கும். மனித மனம் எப்படி இயங்குகிறது என்பதில் ஆசையில்லாதவர் யார்? ஆனால் உளவியல் பட்டத்தில் புள்ளியியலும் ஆய்வு முறைகளும் பெரிய பங்கு. மாதிரி அளவு, சராசரி, விலக்கம், பிழை என்று பருவத்துக்குப் பருவம் வரும். அதைத் தாங்குபவருக்குத்தான் மனித மனம் திறக்கும். தடயவியல் என்றால் குற்றம் நடந்த இடத்தில் குனிந்து பார்ப்பது என்று நினைத்து வருவார்கள். பெரும்பகுதி வேதியியல் ஆய்வக வேலை, அதைவிட முக்கியமாக, தடயம் வைத்த எந்த உறை எப்போது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று ஒன்றுவிடாமல் எழுதி வைக்கும் வேலை. வானியலாளர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பது அபூர்வம். திரையில் தரவுகளோடும் நிரல்களோடும்தான் நாள் ஓடும். கணினி அறிவியலில் நிரல் எழுதுவது ஒரு பகுதி, கணிதம் இன்னொரு பகுதி. கட்டடக்கலையில் இரவெல்லாம் கண் விழித்துச் செய்த மாதிரியை மறுநாள் ஆசிரியர்கள் எல்லோர் முன்னிலையிலும் குறை சொல்வார்கள், திரும்பப் போய் முதலிலிருந்து செய்ய வேண்டும். சட்டம் என்றால் வாதாடுவதற்கு முன்னால் படிப்பு, படிப்பு, மேலும் படிப்பு.

இவை எதுவும் அந்தப் படிப்புகளின் குறையல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் தனக்கே உரிய ஓர் அலுப்பு உண்டு, அவ்வளவுதான். எந்த அலுப்பை உன்னால் தாங்க முடியும் என்று கேட்டால் எந்தப் படிப்பு என்பதற்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்துவதில் ஒருத்திக்குக் களைப்பே வராது. இன்னொருத்திக்கு அது சித்திரவதை. எண்களை வரிசை வரிசையாகச் சரிபார்ப்பதில் நிம்மதி காண்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குத் தனித் திறமை எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அலுப்பாவது தனக்கு அலுக்கவில்லை என்பதே பெரிய திறமை என்று சொன்னால் நம்ப முடியாமல் பார்ப்பார்கள்.

பாடத்திட்டத்துக்கு அடுத்தது மனிதர்கள். ஹார்வர்டு உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் உதவியது. அறிமுகமில்லாத ஓர் ஆணோடு ஐந்து நிமிடம் பேசப் போகும் பெண்களிடம், அந்தச் சந்திப்பு எவ்வளவு பிடிக்கும் என்று முன்கூட்டியே கணிக்கச் சொன்னார்கள். சிலருக்கு அந்த ஆணைப் பற்றிய விவரங்களும் புகைப்படமும் கிடைத்தன. சிலருக்கு, ஏற்கெனவே அவரோடு பேசிய வேறொரு பெண்ணுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்ற தகவல் மட்டும். இரண்டாவது வகையினரின் கணிப்புதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. ஆனாலும் விவரமும் படமும்தான் அதிகம் உதவும் என்றே பெரும்பாலோர் நம்பினார்கள். படிப்பு விஷயத்திலும் பல்கலைக்கழகத்தின் வண்ணப் புத்தகத்தை நம்புகிறோம், அங்கே இப்போது படித்துக்கொண்டிருப்பவரிடம் பத்து நிமிடம் பேசத் தயங்குகிறோம்.

யாரிடம் பேசுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துறையில் பெயர் பெற்றவரிடம் வேண்டாம். அவருக்கு முதல் ஆண்டு மறந்து போயிருக்கும், கஷ்டங்களெல்லாம் இப்போது அவருக்கு இனிப்பாகத் தெரியும். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர், வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆன ஒருவர், முடிந்தால் படிப்பைப் பாதியில் விட்டுப் போன ஒருவர். இந்த மூவரும் போதும். "பிடிச்சிருக்கா அண்ணா?" என்று கேட்காதே, "போன செவ்வாய்க்கிழமை காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?" என்று கேள் என்பேன். செவ்வாய்க்கிழமைக்குத் தனிச் சிறப்பு எதுவும் இல்லை, அதனால்தான் அந்த நாள்.

பெற்றோர் வரும்போது அறையின் காற்றே மாறிவிடும். பிள்ளையின் ஆசைக்கு எதிரி என்று அவர்களைப் பார்ப்பது பெரிய பிழை. ஒரு தந்தை தன் மகள் மொழியியல் படிக்க ஆசைப்படுவதைக் கேட்டுக் கோபமாக வந்தார். மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு, "உங்களுக்கு எது பயமா இருக்கு சார்?" என்று கேட்டேன். வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் படிச்ச படிப்புக்கு வேலை கிடைக்கல டீச்சர். எட்டு வருஷம் அலைஞ்சேன். அவ அலையக் கூடாது" என்றார். அவர் பயம் நியாயமானது. 'ஆசைப்பட்டதைப் படிக்கட்டும், எல்லாம் தானாக நடக்கும்' என்று சொல்லி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

மூவருமாக உட்கார்ந்து அந்தப் பயத்தைக் கேள்விகளாகப் பிரித்தோம். இந்தப் படிப்பை முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அந்தத் துறைக்கே எழுதிக் கேட்பது ஒன்று. மொழியியலோடு கணினியும் சேர்த்துப் படிக்கும் வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. மூன்று ஆண்டு கழித்து வேலை அமையாவிட்டால் வேறு எந்தத் துறைக்குத் திரும்ப முடியும் என்பது மூன்றாவது. பதில்களைத் தேட ஒரு மாதம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம் முழுக்க அப்பாவும் மகளும் சண்டையில்லாமல் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள் என்று பிறகு அவளே சொன்னாள். கணினியும் மொழியியலும் சேர்ந்த ஒரு படிப்பில் இரண்டு பேருக்கும் சம்மதம்.

பணம், அங்கீகாரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை போன்ற துறைகளில் பட்டம் மட்டும் போதாது, தொழில் செய்யப் பதிவு வேண்டும். நீங்கள் வேலை செய்ய நினைக்கும் இடத்தின் பதிவு மன்றம் அந்தப் பட்டத்தை ஏற்கிறதா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பொறியியலுக்கு 1989-இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கை இருக்கிறது. அதில் சேர்ந்த அமைப்புகள் ஒன்று அங்கீகரித்த படிப்பை மற்றொன்று சமமாக ஏற்கும். ஆனால் நாடு அதில் உறுப்பு என்பதாலேயே அந்த நாட்டின் எல்லாக் கல்லூரிகளும் அதில் சேர்ந்துவிடாது. குறிப்பிட்ட அந்தப் படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது எல்லோரும் கேட்பது செயற்கை நுண்ணறிவைப் பற்றி. "மிஸ், நான் படிச்சு முடிக்கறப்ப இந்த வேலை இருக்குமா?" எக்ஸ்-ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் கதிரியக்க மருத்துவர்களின் கதையை நான் சொல்வேன். இந்த நுட்பத்தின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்க மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம் என்ற பொருளில் 2016-இல் பேசினார். சில வருடங்களில் இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. வருடங்கள் பல ஓடிவிட்டன, கதிரியக்க மருத்துவர்களுக்கு இன்னும் தேவை இருக்கிறது. வேலை செய்யும் விதம் மாறியிருக்கிறது, வேலை போகவில்லை. அத்தனை அறிந்த ஒருவரின் கணிப்பே தவறும்போது, பக்கத்து வீட்டுக்காரரின் கணிப்பை நம்பிப் படிப்பை மாற்ற வேண்டாம். எந்தப் படிப்பானாலும் அதன் அடிப்படைகளை ஆழமாகக் கற்றுத்தரும் இடத்தைத் தேடுங்கள். ஒரு குறிப்பிட்ட மென்பொருளை மட்டும் பழக்கும் படிப்பென்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வாழ்க்கை முழுவதற்குமான முடிவை எடுக்கிறது என்ற எண்ணம்தான் எல்லோர் கழுத்தையும் நெரிக்கிறது. ஸ்டான்ஃபோர்டில் வழிகாட்டல் துறையின் பெரிய ஆளுமையாக இருந்த ஜான் க்ரம்போல்ட்ஸ் உளவியலுக்கு வந்த விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். கல்லூரியில் முதன்மைப் பாடத்தை அறிவிக்க வேண்டிய கெடு நெருங்கியபோது, தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய் யோசனை கேட்டார். அந்தப் பயிற்சியாளர் உளவியல் பேராசிரியரும்கூட. எதிர்பாராதவற்றைப் பயன்படுத்திக்கொள்ளும் திறனைப் பற்றி 1999-இல் அவர் சக ஆய்வாளர்களோடு எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் உள்ள எல்லோரும் அறிவார்கள். எனவே என் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கச் சொல்கிறேன்: இந்தப் படிப்பிலிருந்து முதல் ஆண்டு முடிவில் வெளியேற நேர்ந்தால் என்ன ஆகும்? வேறு துறைக்கு மாற விதி இருக்கிறதா, படித்த கிரெடிட்டுகள் கூட வருமா? இரண்டு படிப்புகள் சமமாகப் பிடித்திருந்தால், வாசல் அதிகம் உள்ளதை எடு.

அந்தப் பையனுக்கு வருகிறேன்.

விமானம் ஓட்டுவதற்கான பாதையை இருவருமாகத் தேடிப் படித்தோம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த குறைந்தபட்ச அளவுகள் இவை: வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது, 200 மணி நேரம் பறந்த அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாக இருந்தால் 150 மணி நேரம். பயணிகள் விமானத்துக்குத் தலைமை விமானியாக 21 வயதும் 1,500 மணி நேரமும். எல்லாவற்றுக்கும் மேலாக முதல் வகுப்பு மருத்துவச் சான்று. "பணம் கட்டறதுக்கு முன்னாடி, எந்தப் பள்ளின்னு தேடறதுக்கும் முன்னாடி, இந்த மருத்துவப் பரிசோதனையைப் பண்ணிடுப்பா" என்றேன்.

அடுத்த வாரம் வந்தான். கண் மருத்துவர் இஷிஹாரா தட்டுகளைக் காட்டியிருக்கிறார். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-இல் வெளியிட்ட, வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகள். முதல் அட்டையில் 12, அது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதில் மற்றவர்களுக்கு 8 தெரியும். அவனுக்கு 3 தெரிந்தது. சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறைபாடு. சில நாடுகளில் இந்த அட்டைகளில் தவறினாலும் அடுத்த கட்டச் சோதனைக்கு இடமுண்டு. அதையும் செய்து பார்த்தான், தேறவில்லை.

அன்று அவனிடம் வேறு வழி எதையும் நான் பேசவில்லை. அழுதான், அழவிட்டேன். ஒரு கனவு போனவுடனே இன்னொன்றைக் கையில் திணிப்பது சரியல்ல. மூன்று வாரம் அவனாக வரும்வரை காத்திருந்தேன்.

வந்தவனிடம் கேட்டேன்: "ப்ளேன் ஓட்டறதுல எதைப்பா நினைச்சுப் பார்ப்பே? சீருடையா, ஊர் ஊரா போறதா, அந்த இயந்திரமா?" யோசித்துச் சொன்னான்: "மேகத்துக்குள்ள போறப்ப என்ன நடக்கும்னு மிஸ். எங்க காத்து மாறும், எப்போ இறங்கலாம், இறங்கக் கூடாது." மூன்று வருடமாக விமான நிலையங்களின் வானிலை அறிக்கைகளை இணையத்தில் படித்து வருவதாக அப்போதுதான் சொன்னான். மெட்டார் என்று அதற்குப் பெயர். அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒரு முறை காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேக உயரம், வெப்பநிலை எல்லாவற்றையும் ஒரே வரியில் சுருக்கி எழுதியிருப்பார்கள். அந்த வரியைப் பார்த்ததும் அவன் மனத்தில் வானம் விரியுமாம். யாரும் கேட்காததால் யாரிடமும் சொல்லவில்லை.

வானிலை அறிவியலின் பாடத்திட்டத்தைத் திறந்தோம். வகைக்கெழுச் சமன்பாடுகள், பாய்ம இயக்கவியல், வெப்ப இயக்கவியல், நிரலாக்கம். கணிதம் அவன் முதலில் எடுக்கும் வீட்டுப்பாடம். ரேடார் படங்கள் வண்ணத்தில் இருக்குமே, தன்னால் படிக்க முடியுமா என்று அவனே கேள்வி எழுப்பி, வானிலைக் கணிப்பாளர் ஒருவருக்கு எழுதினான். பல மென்பொருள்களில் வண்ணங்களை மாற்றி அமைத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

போன மாதம் அவனிடமிருந்து செய்தி வந்தது. இரண்டாம் ஆண்டின் கால அட்டவணையைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். ஆறு பாடங்கள், ஒன்றைச் சுற்றி மட்டும் வட்டம். கீழே எழுதியிருந்தான்: "நிரலாக்கம்தான் மிஸ் அலுப்பு. ஒரு காற்புள்ளி விட்டுப்போச்சுன்னா ராத்திரி முழுக்கத் தேடணும். நேத்து ரெண்டு மணி வரைக்கும் தேடினேன். தாங்குது."